கத்தத் தெரியாத மேனேஜர்

கார்ல் ஹாப்வுட் தன்னைத்தானே விற்றுவிட்டு டீன் ஷாக்கிள்டனை வாங்கினான். க்ளெக் வீட்டுப் பின்னறையில் இருந்த மற்ற மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தவன் டீன்தான். சிரிக்கட்டும் என்று கார்ல் விட்டுவிட்டான்.

விஷயம் வேறொன்றுமில்லை. க்ரிம்ஷா என்கிற ஊரில் ஒரே பள்ளியில் படித்து, ஒரே அணிக்காகக் கொடி பிடித்து, நாற்பது வயதைத் தாண்டிய பிறகும் ஞாயிற்றுக்கிழமை மதியமானால் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஆளுக்கொரு கால்பந்து அணிக்கு மேனேஜராகிவிடுகிற நாலு பேர் இவர்கள். பஸ் ஓட்டும் க்ளெக், கண்ணாடிக் கடை சாஜ், கிடங்கில் மேலாளரான டீன், அதே கிடங்கில் வேலை பார்த்த கார்ல். இந்த விளையாட்டில் பந்தை உதைக்க வேண்டியதில்லை. ஆளை வாங்குவது, விற்பது, யாரை இறக்குவது, யாரை உட்கார வைப்பது, ஆட்டத்துக்கு முன்னும் இடைவேளையிலும் அணியிடம் என்ன பேசுவது, இவ்வளவுதான். வருடாவருடம் புது விளையாட்டு வந்ததும் க்ளெக் முதல் வேலையாக நாலு பேரின் பெயரிலும் நாலு ஆட்டக்காரர்களை உள்ளே சேர்த்துவிடுவான். அவனவன் தன்னையே வாங்கி முன்வரிசையில் ஆடவிடுவது வழக்கம். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிற சாஜ், திரையில் கோல் கோலாகப் போட்டுத் தள்ளுவான்.

அந்த வழக்கத்தைத்தான் கார்ல் உடைத்தான். சீசன் தொடங்கிய அன்றைக்கே, டீன் சிப்ஸ் வைத்த ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்த நேரத்தில், தன் பெயர் கொண்ட ஆட்டக்காரனை ஏதோ ஒரு போர்ச்சுகல் அணிக்கு விற்று, கைக்கு வந்ததோடு இருந்ததையும் சேர்த்துப் போட்டு டீனை வாங்கிவிட்டான்.

"என் மேல அவ்வளவு பாசமாடா மாப்ள?" என்றான் டீன்.

"ரொம்ப," என்றான் கார்ல்.

அந்தப் பாசம் எப்படிப்பட்டது என்பதை இனிமேல்தான் டீன் பார்க்க வேண்டியிருந்தது.

அணியிடம் பேசும் இடத்தில் விளையாட்டு முதலில் ஒன்றைக் கேட்கும். எந்தக் குரலில் பேசப் போகிறாய்? அமைதியாகவா, எச்சரிக்கையாகவா, உறுதியாகவா, ஆவேசமாகவா, கோபமாகவா, தயக்கமாகவா? ஒன்றை அமுக்கினால் ஒவ்வொரு ஆட்டக்காரனின் பெயருக்கு எதிரேயும் அவன் மனசு என்ன ஆயிற்று என்று எழுத்து வரும். ஒருவன் உற்சாகமாவான், ஒருவன் சோர்ந்து போவான், ஒருவன் காதிலேயே வாங்கியிருக்க மாட்டான். மற்ற வீடுகளில் அமுக்குவதோடு சரி. க்ளெக் வீட்டில் மட்டும் ஒரு சட்டம் உண்டு. ஒரு மழைக்காலத்தில், வாய் நிறைய கேக்கை வைத்துக்கொண்டு டீன் 'கோபம்' என்று அமுக்கியதைப் பார்த்து க்ளெக்குக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "மனசுல இல்லாத கோபத்த பட்டன்ல அமுக்காதடா! எந்திரி. நின்னு, வாயத் தொறந்து சொல்லு. அப்புறம் அமுக்கு" என்றான். அன்றிலிருந்து அதுவே சட்டம். பேசுகிறவன் எழுந்து நின்று, தேநீர்க் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு, சொந்த வார்த்தையில், அந்தக் குரலில் பேச வேண்டும். எதிரணிக்காரன்தான் நீதிபதி. அவன் காதில் எந்தக் குரல் விழுந்ததோ அதைத்தான் அமுக்க வேண்டும்.

இந்தச் சட்டத்தால் அதிகம் அடிபட்டவன் கார்ல். அவனுக்குக் கோபக் குரலே வராது. முகம் சிவக்கும், கழுத்து நரம்பு புடைக்கும், வாயைத் திறந்தால் வழி கேட்கிறவன் மாதிரி ஒரு குரல் வரும். "எக்ஸ்கியூஸ் மீ, கொஞ்சம் ஓடுறீங்களா?" என்று சாஜ் அவனைப் போலப் பேசிக் காட்டுவான். வருடக்கணக்காக கார்ல் காட்டிய கோபமெல்லாம் தயக்கம் என்றே தீர்ப்பாயிற்று. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவன் என்று ஒரு ஜாதி உண்டே, அந்த ஜாதி.

அமைதிக் குரலில் மன்னன் டீன்தான். மெல்ல, இழைத்து, தோளில் கை போடுகிற மாதிரி பேசுவான். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்பார்களே, அது அவனுக்குக் கைவந்த கலை. தோற்றுக்கொண்டிருக்கிற அணிகூட அவன் பேச்சைக் கேட்டால் நம்பிவிடும்.

கார்லும் நம்பினான். போன வசந்தத்தில் கிடங்கின் சின்ன அறைக்குள் டீன் அவனைக் கூப்பிட்டான். கதவைச் சாத்தினான். தன் கையாலேயே தேநீர் போட்டு, இரண்டு ஸ்பூன் சர்க்கரையைக் கேட்காமலேயே போட்டுக் கலக்கிக் கொடுத்தான். பிறகு அந்தக் குரலில் பேசினான். ஆள் குறைப்புக்கென்று தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெயர் வந்திருக்கிறது, தன்னால் ஆனதெல்லாம் செய்து பார்த்தாயிற்று, கடைசிவரை போராடினேன் என்றான். பள்ளிக்கூடம் விட்ட நாளிலிருந்து அங்கே பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டிய கார்ல், வேலை போன அந்த நிமிடத்தில் டீனின் கையைப் பிடித்து, "தேங்க்ஸ்டா, எனக்காக இவ்வளவு பேசியிருக்கே" என்றான். சொன்னான். தன் வாயாலேயே சொன்னான். இன்றைக்கும் பல் தேய்க்கும்போது அது நினைவுக்கு வந்தால் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்க அவனுக்குப் பிடிப்பதில்லை.

அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில், தலைமை அலுவலகத்துப் பெண் ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்து உண்மையைச் சொல்லிவிட்டாள். "எல்லா கிடங்கிலும் ஒரு பேர் சொல்லுங்கன்னு கேட்டோம். மத்த மேனேஜருங்க டைம் கேட்டாங்க, அழுதாங்க. உங்க ஆளு போன்லயே டக்குன்னு சொல்லிட்டாரு. அதனால உங்க பேப்பரெல்லாம் சீக்கிரம் முடிஞ்சிடுச்சு பாருங்க."

அன்று சாயங்காலம் க்ளெக், கார்லுக்காகப் போராடிய டீனுக்கு என்று பியர் வாங்கிக் கொடுத்தான். டீன் அதைக் குடித்தான். கார்ல் பார்த்துக்கொண்டிருந்தான்.

நேரே கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டால் என்ன நடக்கும் என்று கார்லுக்குத் தெரியும். டீன் அந்தக் குரலில் பதில் சொல்லுவான். கேட்டவனே கடைசியில் மன்னிப்புக் கேட்டுவிட்டு வர வேண்டியிருக்கும். சூப்பர்மார்க்கெட் வாசலில், மழையில், தள்ளுவண்டிகளைக் கோத்து இழுக்கும் வேலைதான் இப்போது அவனுக்கு. ஒரு சனிக்கிழமை டீன் அங்கேயே வந்து, தான் சாமான் வாங்கிய தள்ளுவண்டியைக் கொண்டுவந்து அவன் கையில் விட்டு, "பரவால்லடா, நல்ல காத்தோட்டமான வேலை" என்றான். அமைதியாகத்தான் சொன்னான். அன்றைக்கு கார்ல் முடிவு செய்தான். நடந்ததை இவன் வாயாலேயே, க்ளெக்கும் சாஜும் கேட்க, சொல்ல வைக்க வேண்டும். அதற்கு முன்னால் இவன் கொஞ்சம் வேக வேண்டும்.

சீசன் முழுக்க வேக வைத்தான். திரையிலிருந்த டீனை ஒரு ஆட்டத்தில் இறக்குவான், இரண்டு ஆட்டத்தில் உட்கார வைப்பான். சட்டப்படி எழுந்து நின்று, கோப்பையைக் கையில் பிடித்து, தன் வழி கேட்கிற குரலிலேயே அந்தப் பெயரைச் சொல்லித் திட்டுவான்.

"ஷாக்கிள்டன், உன்ன நம்பி ஒருத்தன் பந்தக் குடுத்தான். நீ என்ன பண்ணே? முதுகக் காட்டிட்டு நின்னே."

"ஷாக்கிள்டன், நீ மோசமா ஆடலடா. நீ ஆளே மோசம்."

முதலில் எல்லாரும் சிரித்தார்கள். டீனும் எழுந்து நின்று சல்யூட் அடித்து, "யெஸ் பாஸ்!" என்றான். குளிர்காலம் வந்தபோது சல்யூட் நின்றுவிட்டது. கிறிஸ்துமஸ் தாண்டியதும், கார்ல் கோப்பையை எடுத்தாலே டீன் போனைப் பார்க்க ஆரம்பித்தான். திரையிலிருந்த டீனின் மனநிலை சிவப்புக்குப் போய், அதற்குக் கீழே போக இடமில்லாமல் அங்கேயே கிடந்தது.

"பாவம்டா, அவன வித்துத் தொலையேன்," என்றான் சாஜ். "உன் டீமே உன்மேல கடுப்புல இருக்கு."

"விக்க மாட்டேன். அவன் நம்ம குடும்பத்துல ஒருத்தன்."

அதைக் கேட்டதும் டீன் நிமிர்ந்து பார்த்தான். கார்ல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசி ஆட்டம் வந்தது. டீன் வைத்திருந்தது க்ரிம்ஷா டவுன் அணியை, அதாவது இவர்கள் ஊரின் சொந்த அணியை. தோற்றால் கீழ்ப் பிரிவுக்குப் போய்விடும். சமமாக முடித்தால்கூடத் தப்பிவிடும். எதிரே கார்லின் அணி. கார்லுக்கு அந்த ஆட்டத்தில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

"விட்டுக் குடுத்துரு மச்சான்," என்றான் க்ளெக். "நம்ம ஊரு டீம்டா. நாளைக்கு பஸ் ஓட்டவே கை வராது எனக்கு."

"நான் என்னடா பண்ண முடியும்? பசங்கதானே ஆடுறாங்க," என்றான் கார்ல்.

பாதி ஆட்டம் கோலில்லாமல் முடிந்தது. அதற்குள் கார்லின் முன்வரிசை ஆள் கால் பிசகி வெளியே போயிருந்தான். பெஞ்சில் முன்வரிசைக்கென்று மிச்சமிருந்தது ஒரே ஒருவன். டீன் ஷாக்கிள்டன், மனநிலை சிவப்பு.

"எறக்கு எறக்கு," என்று டீன் கையைத் தட்டினான். பல நாளைக்குப் பிறகு அவன் முகத்தில் சிரிப்பு. "அழுதுகிட்டே ஆடுவான். நான் தப்பிச்சேன்."

கார்ல் அவனை இறக்கினான். பேசும் பக்கத்தைத் திறந்தான். எழுந்து நின்றான். கோப்பை காலியாக இருந்தது. கெட்டிலிலிருந்து தேநீரை ஊற்றி, இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு, நிதானமாகக் கலக்கினான். பிறகு அதைக் கையில் பிடித்துக்கொள்ளாமல் டீனின் முன்னால் வைத்தான்.

"உக்காரு டீன். டீ குடி," என்றான். "இதுல சொந்தப் பகை ஒண்ணுமில்ல, அத முதல்ல புரிஞ்சுக்கோ. மேல இருந்து ஒரு பேர் வந்துச்சு. வந்தது உன் பேரா போச்சு. நான் உனக்காகக் கடைசி வரைக்கும் பேசினேன், சத்தியமா. என் கையில எதுவுமே இல்லடா. நீ எங்க குடும்பத்துல ஒருத்தன். எப்பவும் அப்படித்தான்."

மெல்ல, இழைத்து, தோளில் கை போடுகிற மாதிரி பேசினான். அப்படி ஒரு குரல் அவனிடமிருந்து வந்து யாரும் கேட்டதில்லை.

சாஜ் சிரிக்க வாயைத் திறந்து, மூடிக்கொண்டான். "இது என்னடா பேச்சு? ஆளே எறங்கியாச்சு, இவன் சீட்டுக் கிழிக்கிற மாதிரி பேசறான்."

"என்ன குரல்னு தீர்ப்பு சொல்லணும்," என்றான் கார்ல். "நீதிபதி டீன்தான்."

டீன் தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தான். "தயக்கம்," என்றான். "வழக்கம் போல. தயக்கத்த அமுக்கு."

"நல்லா கேட்டியா? இன்னொரு வாட்டி சொல்லவா?"

"வேணாம்."

"உக்காரு டீன். டீ குடி. இதுல சொந்தப் பகை..."

"வேணாங்கறேன்ல!"

க்ளெக் பியரைக் கீழே வைத்தான். பஸ் ஓட்டுகிறவனுக்குக் கண்ணாடியில் பின்னால் நடப்பது தெரியும். "டீன்," என்றான், "இது உன் பேச்சுடா. அப்படியே உன் பேச்சு. கிடங்குல இவனுக்கு நீ சொன்னதா இது?"

டீன் கோப்பையை ஓரமாகத் தள்ளினான்.

"சட்டம் சட்டம்தான்," என்றான் கார்ல். "என்ன குரல்?"

"அமைதி," என்றான் டீன். "அமைதிதான். போதுமா? நான் அப்படித்தான் சொன்னேன்."

"மேல இருந்து வந்த பேரா அது?"

"கார்ல், இதப் பத்தி நாம தனியா..."

"இங்கயே. மேல இருந்து வந்த பேரா, நீ சொன்ன பேரா?"

டீன் தன் அமைதிக் குரலைத் தேடிப் பார்த்தான். அதைத்தான் கார்ல் எடுத்துக்கொண்டுவிட்டானே.

"நான் சொன்னதுதான்," என்றான். "போன்ல ஒரு பேர் கேட்டாங்க. சொல்லிட்டேன்."

"அடப்பாவி," என்றான் சாஜ். "அதுக்கு நாங்க உனக்கு பியர் வாங்கிக் குடுத்தோம்!"

"ஏன் என் பேரு?" என்று கேட்டான் கார்ல்.

"விடுடா."

"நான் வேல செய்யலியா? லேட்டா வந்தேனா? ஒரு பெட்டிய ஒடச்சேனா?"

"இல்ல, அதெல்லாம் இல்ல." டீனின் காது மடல் சிவந்திருந்தது. "மத்தவனுங்க பேரச் சொல்லியிருந்தா எகிறியிருப்பானுங்க. சட்டையப் பிடிச்சிருப்பானுங்க, யூனியன்கிட்ட போயிருப்பானுங்க. உன்ன எனக்கு இத்தன வருஷமாத் தெரியும். இதே ரூம்ல, இதே எடத்துல நீ நின்னு கோபப்பட முடியாம தவிச்சதப் பாத்திருக்கேன். நீ கத்த மாட்டேன்னு தெரியும். அதான் உன் பேரச் சொன்னேன்."

சோம்பேறி என்றோ வயசாகிவிட்டது என்றோ டீன் சொல்லியிருந்தால் கார்ல் தாங்கியிருப்பான். தன் சாதுத்தனத்தையே தராசில் போட்டு நிறுத்து விற்றிருக்கிறான் என்பது அவன் எதிர்பார்க்காதது. அந்த நிமிடம் அவன் டீனை முழு மனதோடு வெறுத்தான். அந்த வெறுப்பு அவனுக்குச் சூடாக, நன்றாகவே இருந்தது.

டீன் எழுந்து கோட்டை எடுத்தான்.

"உக்காரு," என்றான் க்ளெக். "ஆட்டம் முடியாம இந்த வீட்டுல யாரும் எந்திரிக்கிறதில்ல." சொல்லிவிட்டு அவனே கையை நீட்டி 'அமைதி'யை அமுக்கினான்.

திரையில் டீன் ஷாக்கிள்டனின் பெயருக்கு எதிரே சிவப்பு மறைந்து பச்சை வந்தது. உற்சாகம் பெற்றார், நம்பிக்கையோடு இருக்கிறார் என்று எழுத்து வந்தது. கார்லைப் போலவே அந்தப் பொம்மையும் அந்தக் குரலை நம்பிவிட்டது. நம்பி ஓடியது. சீசன் முழுக்கத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றவன், கிடைத்த பந்தையெல்லாம் துரத்தினான். ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, மூலையிலிருந்து வந்த பந்தைத் தலையால் தட்டி வலைக்குள் போட்டான்.

க்ரிம்ஷா டவுன் தோற்றது. டீன் ஷாக்கிள்டனின் அணியை டீன் ஷாக்கிள்டனே கீழே தள்ளினான். ஊர் அணி விழுந்ததற்கு யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. க்ளெக்கின் மனைவி சாண்ட்ரா எட்டிப் பார்த்து, "சாப்பிட மீட் பை சூடு பண்ணவா?" என்றாள். நாலு முகத்தையும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

அப்போது டீனின் திரையில் கடிதப் படம் துள்ளியது. அணி கீழே போனால் விளையாட்டு சும்மா இருக்காது. நிர்வாகக் குழு மேனேஜரை வீட்டுக்கு அனுப்பும். அதற்கும் க்ளெக் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. வேலை போன மேனேஜருக்கு வந்த செய்தியை அவனைத் தோற்கடித்தவன் எழுந்து நின்று வாசிக்க வேண்டும். எந்தக் குரலில் என்று வேலை போனவன் சொல்லலாம். சாகப் போகிறவனின் கடைசி ஆசை மாதிரி. வழக்கமாக எல்லாரும் 'ஆவேசம்' என்பார்கள். மேசையில் குத்தி, கோப்பை உருண்டு, சிரிப்பாக முடியும்.

கார்ல் எழுந்து டீனின் திரைக்கு முன்னால் போய் நின்றான்.

"என்ன குரல்?" என்றான்.

டீன் நிமிர்ந்தான். கண் கலங்கியிருந்தது.

"கோபமா வாசி," என்றான். "கத்துடா. நாலு வார்த்த அசிங்கமாக்கூடத் திட்டிக்கோ. சட்டையப் பிடிச்சாலும் பிடி. கத்தித் தொலச்சிரு கார்ல், ப்ளீஸ். நாம முடிச்சுக்கலாம்."

கோபம் இருந்தது. இத்தனை வருடமும் வராத குரல், அந்த நிமிடம் கார்லின் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. திறந்துவிட்டால் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். சாஜும் க்ளெக்கும் அதற்காகவே காத்திருந்தார்கள். கத்தியிருந்தால் அதோடு தீர்ந்தும் போயிருக்கும். இரண்டு பேரும் மூச்சிறைக்க நின்று, பிறகு யாராவது ஒரு பியரைத் திறந்திருப்பார்கள். டீனுக்கும் அது தெரியும். அதனால்தான் கேட்டான்.

கார்ல் அந்தக் கோபத்தை விழுங்கினான். குனிந்து, ஆறிப்போன தேநீரை டீனின் கைக்கருகே மெல்ல நகர்த்தி வைத்தான். அவன் தோளில் கை போட்டான்.

"டீன்," என்றான், மெல்ல, இழைத்து. "க்ரிம்ஷா டவுன் நிர்வாகக் குழு உன் சேவைக்கு நன்றி சொல்லுது. ரொம்ப யோசிச்சு எடுத்த முடிவு. எதிர்காலத்துல உனக்கு நல்லதே நடக்கணும்னு எல்லாரும் வாழ்த்தறாங்க."

"கோபமான்னு சொன்னேன்டா," என்றான் டீன். குரல் உடைந்திருந்தது. "சட்டம்டா அது. க்ளெக், சொல்லு இவன்கிட்ட."

க்ளெக் ஜன்னலைப் பார்த்தான். சாஜ் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான்.

கார்ல் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நான் கத்த மாட்டேன்னு உனக்குத் தெரியுமே டீன்," என்றான். "டீயக் குடி."